கலப்பின மகிழுந்தில் எரிபொருள் சிக்கனக் குறைவைக் கண்டறிதல்

கலப்பின மகிழுந்தில் எரிபொருள் சிக்கனக் குறைவைக் கண்டறிதல் என்பது, பெட்ரோல் பொறியும் மின்னோடியும் இணைந்து இயக்கும் ஒரு மகிழுந்து, லிட்டருக்கு வழக்கமாக ஓடும் தொலைவைவிடத் திடீரெனக் குறைவாக ஓடத் தொடங்கும்போது அதன் காரணத்தை முறைப்படி தேடிக் காணும் செயல் ஆகும். பேச்சு வழக்கில் இக்குறை "மைலேஜ் இறங்கிவிட்டது" எனக் கூறப்படுகிறது.

கலப்பின வண்டியில் இரண்டு ஆற்றல் அமைப்புகள் இருப்பதால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்து மறைத்துவிடும். இழுவை குறையாது, ஓசை மாறாது, எரிபொருட் கணக்கு மட்டும் மாறும். இதனால் உரிமையாளர் முதலில் ஐயுறுவது விலையுயர்ந்த உயர் மின்னழுத்த மின்கல அடுக்கையே ஆகும். ஆயினும், சோதிக்க எளியவையும் செலவற்றவையுமான காரணங்களே எண்ணிக்கையில் மிகுதி. அவற்றை நீக்கிய பின்னரே மின்கல அடுக்கை ஆராய்வது முறை.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் வட சென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்பகுதிகளைச் சார்ந்தவை. வெப்பம், உப்புக்காற்று, தூசி, கன்டெய்னர் லாரி நெரிசல், மழைவெள்ளம் ஆகிய ஐந்தும் ஒருங்கே வண்டியைத் தாக்கும் இடம் இது.

பின்னணி

இந்தியாவில் ஹோண்டா சிவிக் கலப்பின மகிழுந்து 2008-ஆம் ஆண்டிலும், டொயோட்டா பிரியஸ் 2010-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் இறக்குமதி வண்டிகள் என்பதால் விலை மிகுந்து, பரவலாகவில்லை. 2013-இல் டொயோட்டா கேம்ரி கலப்பின வகை கர்நாடகத்தின் பிடதியில் பொருத்தப்படலாயிற்று. நடுத்தர விலையில் இவை கிடைக்கத் தொடங்கியது 2022-ஆம் ஆண்டில்தான். ஹோண்டா சிட்டி, டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர், மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் கலப்பின வகைகள் அவ்வாண்டில் வெளிவந்தன. வட சென்னைக்கும் இத்தொழில்நுட்பத்தில் ஒரு சிறு பங்கு உண்டு. எண்ணூரில் தொழிற்சாலை கொண்ட அசோக் லேலண்ட் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு தில்லி வாகனக் கண்காட்சியில் ஹைபஸ் என்னும் கலப்பினப் பேருந்தைக் காட்சிக்கு வைத்தது.

கிராண்ட் விட்டாரா கலப்பின வகைக்குச் சான்றளிக்கப்பட்ட சிக்கனம் லிட்டருக்கு 27.97 கி.மீ. ஆகும். இது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மீது வகுக்கப்பட்ட வேகங்களில் ஓட்டிப் பெற்ற எண். சாலையில் இவ்வெண் கிட்டாதது ஒரு குறைபாடு அன்று. ஒப்பிட வேண்டியது அதே வண்டி, அதே வழியில், முன்பு தந்த அளவோடுதான்.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது

கலப்பின வண்டி மூன்று வழிகளில் எரிபொருளைச் சேமிக்கிறது. நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் பொறி அணைந்துவிடுகிறது. வேகம் குறைக்கும்போது மின்னோடி மின்னியற்றியாக மாறி, பிரேக்கில் வெப்பமாக வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்புகிறது. பொறி ஓடும் நேரத்தில் அது திறன் மிகுந்த சுமையில் ஓடுமாறு கணினி பார்த்துக்கொள்கிறது. இம்மூன்றில் ஏதேனும் ஒன்று தடைப்பட்டாலும் சிக்கனம் குறையும்.

மின்கல அடுக்கின் அளவையும் இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஆகியவற்றின் லித்தியம் அயனி அடுக்கு 0.76 கிலோவாட்-மணி கொள்ளளவு உடையது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட்-மணி ஆற்றல் உள்ளது. அதாவது முழு அடுக்கும் 100 மில்லிலிட்டர் பெட்ரோலின் ஆற்றலைக்கூடக் கொள்ளாது. அது களஞ்சியம் அன்று, வரவு செலவுக்கான சிறு கைப்பை மட்டுமே. வெளியிலிருந்து மின்னேற்றப்படாத இவ்வண்டிகளில் செலவாகும் ஒவ்வோர் அலகு ஆற்றலும் இறுதியில் பெட்ரோலிலிருந்தே வருகிறது.

அளவீட்டைச் சரிபார்த்தல்

முதற்படி, சிக்கனம் உண்மையிலேயே குறைந்துள்ளதா என அறிவது. முகப்புத் திரை காட்டும் எண், எரிபொருள் பீச்சிகளின் திறப்பு நேரத்தைக் கொண்டு கணினி கணிப்பது. தொட்டியை நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஓடிய தொலைவை நிரப்பிய லிட்டரால் வகுப்பதே நம்பகமான முறை. இதிலும் பிழை உண்டு. குழாய் தானாக நிற்கும் மட்டம் ஒவ்வொரு முறையும் மாறும். 30 லிட்டர் நிரப்பும்போது 2 லிட்டர் முன்பின்னானால் கணக்கில் ஏறத்தாழ 7 விழுக்காடு பிழை நேரும். எனவே ஒரே நிலையத்தில் தொடர்ந்து மூன்று முறை நிரப்பி, மொத்தத் தொலைவை மொத்த லிட்டரால் வகுப்பது நல்லது.

பெட்ரோல் நிலையத்தின் அளவில் ஐயம் எழுந்தால், அங்கு வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் கலத்தில் அளந்து காட்டுமாறு வாடிக்கையாளர் கேட்கலாம். இது அவரது உரிமை. ஏற்கத்தக்க வேறுபாடு 25 மில்லிலிட்டர் மட்டுமே.

புதிய டயர் மாட்டியவுடன் சிக்கனம் குறைந்ததாகத் தோன்றுவதும் உண்டு. தேய்ந்த டயரைவிடப் புதிய டயரின் சுற்றளவு சற்றுக் கூடுதல் என்பதால் தொலைவுமானி குறைவான தொலைவைப் பதிவு செய்கிறது. இந்த ஒரு விழுக்காடு அல்லது இரு விழுக்காடு வெறும் கணக்கு வேறுபாடு ஆகும்.

எரிபொருளின் பங்கு

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் அளவு 2025-ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டை எட்டியது. இக்கலவை இ20 எனப்படுகிறது. அதன் பிறகு எழுந்த சிக்கனக் குறைவுப் புகார்கள் அனைத்துக்கும் இ20 எரிபொருளையே காரணம் கூறும் போக்கு பரவியது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாசூல் ஆற்றலும், எத்தனாலில் 21 மெகாசூல் ஆற்றலும் உள்ளன. எனவே 10 விழுக்காட்டுக் கலவையிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மாறும்போது லிட்டருக்கான ஆற்றல் 3 முதல் 4 விழுக்காடு வரை குறைகிறது. எத்தனால் அற்ற பெட்ரோலோடு ஒப்பிட்டால் குறைவு ஏறத்தாழ 7 விழுக்காடு. லிட்டருக்கு 22 கி.மீ. தந்த வண்டி 21 கி.மீ. தந்தால் எரிபொருளைக் குறை கூறலாம். அதே வண்டி 16 கி.மீ. தந்தால், எத்தனாலின் மீது மட்டும் பழி போடுவது உண்மையான பழுதை மறைத்துவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை ஈர்க்கும் இயல்புடையது. நிலையத்தின் நிலத்தடித் தொட்டியில் வெள்ளநீர் புகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கும். அவ்வாறான எரிபொருள் நிரப்பிய வண்டியில் பொறி திணறும், எச்சரிக்கை விளக்கு எரியும், சில வேளை வண்டி நின்றுவிடும். ஓட்டத்தில் எவ்வித மாற்றமும் இன்றிச் சிக்கனம் மட்டும் குறைந்திருந்தால், நீர் கலப்பு காரணமாக இருத்தல் அரிது.

நெரிசலும் குளிரூட்டியும்

நகர நெரிசலில் கலப்பின வண்டி சிக்கனமானது என்பது பொதுவாக உண்மை. ஆனால் நின்று நின்று செல்லும் நெரிசல் வேறு, நகராமல் நிற்கும் நெரிசல் வேறு. முன்னதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற்றல் மீட்கப்படுகிறது. பின்னதில் மீட்பதற்கு ஏதும் இல்லை.

சென்னைத் துறைமுகத்துக்கும், 2001-இல் எண்ணூர்த் துறைமுகமாகத் தொடங்கிப் பின்னர் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாறிய துறைமுகத்துக்கும் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலிச் சாலைகளிலும் நீண்ட வரிசையில் நிற்பது வழக்கம். அவ்வரிசை ஓரிடத்தில் இறுகினால் அதன் பின்னால் மகிழுந்துகளும் சிக்கிக்கொள்கின்றன. மே மாதத்தில் 37 பாகை செல்சியசைத் தாண்டும் வெயிலில் குளிரூட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது இயலாது.

இந்நிலையில் குளிரூட்டியின் மின் அமுக்கியும் பிற கருவிகளும் சேர்ந்து 1.5 கிலோவாட் எடுப்பதாகக் கொள்வோம். 0.76 கிலோவாட்-மணி அடுக்கில் கணினி ஏறத்தாழ பாதியளவை மட்டுமே பயன்படுத்த இசைந்தால், அது கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு வண்டி நின்ற இடத்திலேயே பொறி இயங்கி மின்னேற்றும். பொறியிலும் மின்னியற்றியிலும் ஏற்படும் இழப்புகள் போக ஒரு லிட்டரிலிருந்து 2.7 கிலோவாட்-மணி மின்சாரம் கிடைப்பதாக வைத்தால், ஒரு மணி நேரம் நிற்பதற்கு 0.55 லிட்டர் செலவாகிறது. வழக்கமாக 20 கி.மீ. தொலைவை ஒரு மணி நேரத்தில், லிட்டருக்கு 22 கி.மீ. வீதம் கடக்கும் வண்டி 0.91 லிட்டர் எடுக்கும். அதே தொலைவுக்கு இரண்டு மணி நேரமானால் மொத்தச் செலவு 1.46 லிட்டர். சிக்கனம் லிட்டருக்கு 14 கி.மீ.க்கும் கீழே வந்துவிடும். வண்டியில் எந்தப் பழுதும் இல்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

இதைக் கண்டறிய கருவி எதுவும் தேவையில்லை. திரையில் சராசரி வேகத்தையும் சிக்கனத்தையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு, ஞாயிறு காலையில் அதே வழியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். அப்போது பழைய சிக்கனம் திரும்பினால் காரணம் சாலை. திரும்பாவிட்டால் காரணம் வண்டிக்குள் இருக்கிறது. வேலை நேர மாற்றம், புதிய ஓட்டுநர், குறுந்தொலைவுப் பயணங்கள் மிகுதல் ஆகியவற்றின் விளைவும் இச்சோதனையில் பெரும்பாலும் பிரிந்து தெரியும்.

உருள்தடையும் பிரேக்கும்

டயரின் காற்றழுத்தம் குறைவது பலரும் அறிந்த காரணம். நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது பொதுவான மதிப்பீடு. பத்து பி.எஸ்.ஐ. குறைந்தாலும் இழப்பு 2 விழுக்காடு அளவே என்பதால், பெருவீழ்ச்சியை இது மட்டும் விளக்காது. உருள்தடை குறைந்த டயர்களைக் கழற்றிவிட்டு வேறு வகை மாட்டியிருந்தால் இழப்பு இதைவிடக் கூடுதலாகும். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946-இல் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய திருவொற்றியூரில் டயர் வகைகளுக்குப் பஞ்சமில்லை. அளவு மட்டுமன்றி வகையும் பொருந்துமாறு தேர்ந்தெடுப்பதே தேவை.

கடலோரத்தில் இதைவிட முதன்மையானது பிரேக்கின் இறுக்கம். கலப்பின வண்டியில் வேகக் குறைப்பின் பெரும்பகுதியை மின்னோடியே செய்வதால் உராய்வு பிரேக்குகள் குறைவாகவே வேலை செய்கின்றன. கட்டைகள் நெடுங்காலம் தேயாமல் இருப்பது இதன் நன்மை. தட்டுகள் உராய்வால் துடைக்கப்படாமல் துருவேறுவதும், பிரேக்குப் பிடியின் நகர்வுத் தண்டுகள் உலர்ந்து இறுகுவதும் இதன் தீமை. காசிமேடு முதல் எண்ணூர் வரை கடற்காற்றில் இரவெல்லாம் நிற்கும் வண்டிகளுக்கு இத்தீமை விரைவில் வந்து சேரும். ஒரு தண்டு இறுகினால் கட்டை தட்டை முழுமையாக விட்டு விலகாது.

அதன் விளைவைக் கணக்கிடலாம். ஏறத்தாழ 10 கிலோகிராம் எடைக்குச் சமமான 100 நியூட்டன் இழுவிசை ஒரு சக்கரத்தில் தொடர்ந்து எதிர்த்து நின்றால், 100 கி.மீ.க்கு 10 மெகாசூல் ஆற்றல் வீணாகும். பொறியின் திறன் 35 விழுக்காடு எனில் இதற்கு 0.9 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு 22 கி.மீ. தந்த வண்டி 18 கி.மீ. அளவுக்கு இறங்கும். ஓட்டுநருக்கோ ஒன்றும் தெரியாது. குறையும் இழுவையை மின்னோடி ஓசையின்றி நிரப்பிவிடும்.

சோதனை எளிது. பிரேக்கை மிகக் குறைவாகப் பயன்படுத்திப் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டி, மெல்ல நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்க வேண்டும். வெப்பமானி இல்லையெனில் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுசென்று உணரலாம், தட்டைத் தொடலாகாது. ஒரு சக்கரம் மட்டும் அதே அச்சின் மறுசக்கரத்தைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கு பிரேக்கு இறுகியுள்ளது அல்லது தாங்கி பழுதடைந்துள்ளது. தண்டுகளைக் கழற்றித் தூய்மை செய்து உரிய மசகிடுவது பெரும்பாலும் போதுமானது. சக்கர ஒழுங்கமைவையும் அவ்வேளையில் பார்த்துக்கொள்ளலாம்.

2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. இத்தகைய நீரில் நின்ற வண்டிகளுக்குத் துருவோடு மற்றொரு கேடும் உண்டு. பிரேக்கு அமைப்பின் இரப்பர் உறைகள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும் தன்மையன. ஊதிய உறை உந்துருளையைப் பின்வாங்க விடாது. வெள்ளத்துக்குச் சில வாரங்களுக்குப் பின் சிக்கனம் குறைந்தால் முதலில் பார்க்கத்தக்க இடம் இதுவே.

பொறி

2020 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பழுதறி இணைப்பு உள்ளது. இதில் எளிய படிகருவியைப் பொருத்திக் குளிர்வி நீரின் வெப்பநிலையையும் நீண்டகால எரிபொருள் திருத்த அளவையும் காணலாம். திருத்தம் 10 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் காற்று அளவி, உயிர்வளி உணரி, காற்றுக் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுதல் 2011-இல் நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாறியது. அனல்மின் நிலையங்களும் அருகில் இருப்பதால் எண்ணூர்ப் பகுதியில் காற்று வடிகட்டிகள் கையேடு கூறும் காலத்துக்கு முன்பே அடைபடக்கூடும்.

பொறியின் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் பொறி உரிய வெப்பத்தை அடையாது. அதனைச் சூடாக வைத்திருக்கக் கணினி பொறியை அணைக்காமல் ஓடவிடும். குளிர்நாட்டுக் கையேடுகள் இக்காரணத்தையும் குளிர்காலத்தையும் முதலிடத்தில் வைக்கின்றன. சனவரி இரவிலும் 20 பாகைக்குக் கீழே அரிதாகவே இறங்கும் சென்னையில் குளிர்காலக் காரணம் பொருந்தாது. தெர்மோஸ்டாட் பழுதும் மங்கலாகவே வெளிப்படும்.

அண்மையில் எண்ணெய் மாற்றியிருந்தால் அதன் தடிப்பைக் கேட்டறிய வேண்டும். இவ்வகைப் பொறிகளுக்கு 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய்கள் வகுக்கப்பட்டுள்ளன. பட்டறையில் கைக்குக் கிடைத்த தடித்த எண்ணெயை ஊற்றுவதும், அளவுக்கு மேல் ஊற்றுவதும் உராய்வைக் கூட்டும்.

உயர் மின்னழுத்த மின்கல அடுக்கு

மேற்கூறியவை அனைத்தும் சரியாக இருந்தால் மின்கல அடுக்கை நோக்கலாம். அடுக்கு சூடேறினால் கணினி மின்னேற்றத்தையும் மின்னிறக்கத்தையும் கட்டுப்படுத்தும். அப்போது பிரேக்கில் மீட்கும் ஆற்றல் குறையும், பொறி அடிக்கடி இயங்கும். பல வண்டிகளில் அடுக்கைக் குளிர்விக்கும் விசிறி பயணிகள் அறையின் காற்றை இழுக்கிறது. அதன் வாயிலில் துணி, பை, தூசி அடைத்திருப்பதும் பின்னிருக்கைப் பக்கம் விசிறி இரைவதும் அறிகுறிகள். வடிகட்டியைத் தூய்மை செய்தவுடன் குறை நீங்கினால் அது மின்கலப் பழுது அன்று. மின்னேற்ற அளவு காட்டும் பட்டைகள் சில நிமிடங்களில் நிறைந்து, சில நிமிடங்களில் வடிவது உண்மையான முதுமையின் அடையாளம்.

பிரியஸ் போன்ற வண்டிகளின் நிக்கல் உலோக ஐதரைடு அடுக்கில் 168 கலங்கள், 14 தொகுதிகளாக அளக்கப்படுகின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 1.2 வோல்ட்டு. எனவே ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றைவிடத் தொடர்ந்து 1 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு கலம் செயலிழந்துள்ளதாகக் கொள்ளலாம்.

இலங்கையில் நிலைமை வேறு. அங்குள்ள கலப்பின வண்டிகளில் பல, யப்பானில் பயன்படுத்தப்பட்டு இறக்குமதியான பிரியஸ், அக்குவா, வெசல் போன்றவை. 2020 மார்ச்சு முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் அவை மேலும் முதுமை எய்தின. பத்தாண்டு கடந்த அத்தகைய வண்டியில் மின்கலத்தை முன்கூட்டியே ஐயுறுவது நியாயம். சென்னைச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் பல 2022-க்குப் பின் வாங்கப்பட்டவை. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் மின்கல அடுக்குக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை உறுதியளிக்கப்பட்டுள்ளது. அக்காலத்துக்குள் வெளிப் பட்டறையில் அடுக்கைத் திறப்பது அவ்வுறுதியை இழக்கச் செய்யலாம்.

செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் கொண்டவை. பணிமுனை இணைப்பைக் கழற்றிய பின்னும் மின்தேக்கிகள் வடியச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மின்காப்புக் கையுறையும் பயிற்சியும் உள்ளவரே இவ்வேலையைச் செய்யலாம். வெள்ளநீர் இருக்கை மட்டம் வரை ஏறிய வண்டியை, சிக்கனத்தைச் சோதிக்கும் பொருட்டுக்கூட, நிறுவனத்தார் பார்க்கும் முன் இயக்கலாகாது.